வெர்னாவின் நீளத் தையல்

சலோமாவின் தையல் அங்குலத்துக்குப் பத்து. எண்ணிப் பார்க்கச் சொல்லி அவள் யாரையும் கேட்டதில்லை. பக்கத்துப் பண்ணை ஓர்பாதான் ஒருநாள் தச்சருடைய அளவுகோலைத் துணிமேல் வைத்து எண்ணிவிட்டு, "பத்துதான்டி, ஒண்ணுகூடக் குறையல" என்று அறையில் இருந்த அத்தனை பெண்கள் காதிலும் விழும்படி சொன்னாள். சலோமாவுக்கு முகம் சிவந்துவிட்டது. விறகு எடுக்கிற சாக்கில் வெளியே போய்ச் சற்று நேரம் பனியில் நின்றுவிட்டு வந்தாள். பெருமை பாவம் என்று சொல்லிச் சொல்லியே வளர்த்த வீடு அவளுடையது. அந்தப் பாவம் தனக்குள் எந்த மூலையில் ஒளிந்திருக்கிறது என்று கண்டுகொள்ள அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது ஆகவேண்டியிருந்தது.

அவளுக்குப் பிறகு மூன்று தம்பிகள், அதற்கும் பிறகு பிறந்த தங்கை வெர்னா. ஒரே தாய் வயிற்றில் இப்படி இரண்டு விதமாகப் பிறக்க முடியுமா என்று ஊரே கேட்டிருக்கிறது. சலோமா பேச மாட்டாள், கை பேசும். வெர்னாவுக்கு வாய் ஓயாது. பன்றித் தொட்டியில் பிஷப்பின் தொப்பி பறந்து விழுந்த கதையை அவள் சொன்னால், நூறாவது தடவை கேட்கிறவர்களும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். ஆனால் ஊசி மட்டும் அவள் கைக்கு அடங்கவேயில்லை. சின்ன ஊசி விரலில் நிற்காது என்று கோணி தைக்கிற மாதிரி பருத்த ஊசியாக எடுத்துக்கொள்வாள். பென்சில் கோடு ஒரு பக்கம் போகும், அவள் தையல் ஒரு பக்கம் போகும். ஒவ்வொன்றும் கோதுமை மணி நீளம்.

"வெர்னா தைச்ச போர்வைய மூடிக்கிட்டுப் படுத்தா, காலைல கால் விரலை அவுத்து விட ஒரு ஆள் வேணும்" என்பாள் ஓர்பா.

"உன் நாக்கு மாட்டாம இருந்தா சரி" என்பாள் வெர்னா. அதற்கும் எல்லாரும் சிரிப்பார்கள்.

போர்வை தைக்கப் பெண்கள் கூடுகிற நாளில், துணியை இழுத்துக் கட்டிய மரச் சட்டத்தைச் சுற்றி உட்காரும்போது சிறு பெண்களுக்கும் ஒரு மூலை கொடுப்பது வழக்கம். எல்லாரும் வண்டி ஏறிப் போனபிறகு அந்த வீட்டுக்காரி அந்த மூலையை மட்டும் சத்தமில்லாமல் பிரித்துத் திரும்பத் தைப்பாள். இது எல்லாருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. வெர்னா கல்யாணமாகி மூன்று பிள்ளை பெற்ற பிறகும் அவள் உட்கார்ந்த இடம் அந்த மாதிரி மூலையாகவே இருந்தது. முப்பது வருஷமாகத் தங்கையின் தையலைப் பிரித்து வந்தவள் சலோமா. தங்கைக்கு அது தெரியாது என்றே நினைத்திருந்தாள்.

அந்த வருஷம் அக்டோபர் கடைசியிலேயே பனி விழுந்துவிட்டது. உருளைக்கிழங்கை நிலவறையில் இறக்கி முடித்த வாரம், வெர்னாவை அவள் புருஷன் ஆமோஸ் பட்டணத்து டாக்டரிடம் கூட்டிப் போனான். ஈரலில் கட்டி, பரவிவிட்டது, வெட்ட முடியாது, பனி உருகும்வரை இருந்தால் பெரிது என்றார்கள். திரும்பி வந்தவள் நேரே அக்காள் வீட்டு வாசலில்தான் இறங்கினாள். தொப்பியில் ஒட்டிய பனியைத் தட்டிவிட்டு, காப்பி கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, அதன்பிறகே விஷயத்தைச் சொன்னாள்.

சலோமா கையில் இருந்த பாத்திரத்தை வைக்க இடம் தெரியாமல் நின்றாள்.

"அழாத அக்கா. அழறதுக்கு ஆமோஸ் இருக்கான். வழியெல்லாம் அழுதுக்கிட்டே வண்டி ஓட்டுனான், குதிரை பயந்துடுச்சு" என்றாள் வெர்னா. "எனக்கு ஒரு காரியம் ஆகணும். ஐவாவுக்கு இன்னும் போர்வை தைக்கல."

நம் பக்கத்தில் பெண்ணோ பிள்ளையோ, கல்யாணத்துக்குத் தாய் ஒரு ஒட்டுப்போர்வை தைத்துக் கொடுக்க வேண்டும். வெர்னாவின் இரண்டு பையன்களுக்கும் சலோமாதான் தைத்துக் கொடுத்தாள். ஐவா கடைக்குட்டி, ஒரே பெண், அப்போது பதினாறு வயது.

"நான் தைக்கிறேன். நீ படுத்துக்கோ."

"அதான் வேண்டாங்கறேன். துண்டு வெட்டி இணைச்சுக் குடு. கோடு போட்டுக் குடு. பஞ்சு வச்சுச் சட்டத்துல கட்டிக் குடு. ஊசி மட்டும் நான்தான் குத்துவேன். முழுசும் நான். ஓர்பாவக் கூப்பிடாத, யாரையும் கூப்பிடாத. நீயும் கைய வைக்காத."

"அவ்வளவையும் நீயா?"

"எனக்கு என்ன வேலை, சாகறதத் தவிர?"

சலோமா தலையை ஆட்டினாள். ஆட்டியது வாக்குக் கொடுத்ததுதான் என்று பிற்பாடு எத்தனையோ தடவை அவள் தனக்குள் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

கருநீலமும் திராட்சை நிறமும் கறுப்புமாகத் துண்டுகள் இணைத்து, கருநீலத்தின்மேல் இறகு வடிவத்தில் பென்சிலால் கோடு போட்டாள். சலோமா வீட்டு முன்னறை பெரியது, அடுப்பும் அங்கேதான். ஆகவே சட்டத்தை அங்கேயே நிறுத்தினாள். காலைப் பால் கறந்து முடித்ததும் ஆமோஸ் பனிவண்டியில் கம்பளி சுற்றி வெர்னாவைக் கொண்டுவந்து இறக்குவான். சாயங்காலப் பாலுக்கு முன்னால் வந்து கூட்டிப் போவான். திங்கள் முதல் வெள்ளிவரை இப்படி. சனிக்கிழமை ரொட்டி சுடவும் வீடு மெழுகவும் வேண்டும், ஞாயிறு ஆராதனை.

ஜன்னல் விளிம்புவரை பனி ஏறியது. கூரைச் சரிவிலிருந்து அது மொத்தமாக வழுக்கி விழும்போது வீடே அதிரும். வெர்னா ஊசியை நிறுத்தி, "யாரோ விருந்தாளி" என்பாள். ஒரு கரண்டி உருளைக்கிழங்கு சூப்பு உள்ளே போவதற்கு அரை மணி ஆகும், ஆனால் பேச்சு குறையவில்லை. சலோமா எதிரே உட்கார்ந்து சட்டை கிழிசலைத் தைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பாள். கண் மட்டும் தங்கையின் விரலிலேயே இருக்கும்.

தையல் மோசமாகத்தான் இருந்தது. முன்பாவது கோதுமை மணி. இப்போது பீன்ஸ் விதை. கோட்டைவிட்டுக் கீழே இறங்கி, நினைவு வந்தது போல மேலே ஏறி, ஓரிடத்தில் நூல் தொங்கி.

"கொஞ்சம் கிட்டக் கிட்டப் போடேன்" என்றாள் சலோமா ஒருநாள், பொறுக்க முடியாமல்.

"எதுக்கு?"

"ஓர்பா சொன்ன மாதிரி கால் விரல் மாட்டிக்கும்."

"மாட்டட்டும்" என்றாள் வெர்னா. "ஐவா கல்யாணம் கட்டி எந்த ஊருக்குப் போறாளோ. விடியக்காலைல எழுந்திருக்கறப்ப ஒரு தையல்ல விரல் மாட்டும். அம்மா காலைப் பிடிச்சு இழுத்து, இருடி, இன்னும் கொஞ்சம் படுத்துக்கோன்னு சொல்ற மாதிரி இருக்கும். வெளக்கு இல்லாட்டியும் தடவிப் பாத்தா தெரியும், இது யாரு கைன்னு. உன் தையலத் தடவினா என்ன தெரியும்? கடையில வாங்கினதுன்னு தெரியும்."

சலோமா சிரித்துவிட்டாள். வெர்னாவும் சிரித்தாள், இருமல் வந்து சிரிப்பு நின்றது. அந்தச் சிரிப்போடு அந்தப் பேச்சும் சலோமாவின் காதைத் தாண்டிப் போய்விட்டது. காதில் விழுந்தது, உள்ளே இறங்கவில்லை.

அவள் கண்முன்னால் இருந்தது வேறொன்று. கல்யாண நாளில் பெண்ணின் போர்வைகளை மாடி அறைக் கட்டிலில் விரித்து வைப்பார்கள். வந்த பெண்களெல்லாம் படி ஏறிப் போய் ஒவ்வொன்றாகத் தூக்கி, தையலை விரலால் நெருடிப் பார்ப்பார்கள். ஓர்பா பார்ப்பாள். உதட்டைச் சுழிப்பாள். பதில் சொல்ல வெர்னா இருக்க மாட்டாள். செத்தவளைப் பார்த்து நாலு பேர் சிரிக்கும்படி ஆகலாமா? தாய் இல்லாத பெண் அன்றைக்குக் கூனிக் குறுகி நிற்கலாமா? தான் இருக்கும்போது?

ஒரு வரிசை முடிந்தால் அந்தப் பக்கத்தைச் சட்டத்தின் கட்டையில் சுருட்டிவிட்டு அடுத்த வரிசையை இழுத்துக் கட்ட வேண்டும். சுருட்ட வெர்னாவுக்குத் தெம்பு இல்லை. அது சலோமாவின் வேலை. முதல் வரிசை முடிந்த சனிக்கிழமை, மாவைப் பிசைந்து பொங்க வைத்துவிட்டு, ஜன்னலோரம் பனி வெளிச்சத்தில் உட்கார்ந்தாள். கத்தரிக்கோலின் நுனியை வெர்னாவின் முதல் தையலுக்கு அடியில் கொடுத்தாள். பெரிய தையல், வெட்டுவது சுலபம். இழுத்ததும் வந்துவிட்டது. அந்த இடத்தில் தன் தையலை ஓட்டினாள். அங்குலத்துக்குப் பத்து. பிரித்த நூலைச் சுருட்டி அடுப்பில் போட்டாள். ரொட்டி மாவு அன்றைக்குப் புளித்துப் பொங்கி வழிந்துவிட்டது.

திங்கட்கிழமை வெர்னா வந்தபோது அந்த வரிசை கட்டைக்குள் சுருண்டிருந்தது.

இப்படியே நவம்பர், டிசம்பர், ஜனவரி. சலோமாவின் புருஷன் டோபியாஸ் ஒரு சனிக்கிழமை உள்ளே வந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டே பார்த்தார். பேச்சுக் குறைந்த மனிதர்.

"வெர்னா தன் கையாலதான் தைப்பேன்னு சொன்னதாச் சொன்னியே?"

"தைக்கட்டும். யாரு வேண்டாங்கறது?"

அவர் பூட்ஸைத் திரும்ப மாட்டிக்கொண்டார். மாட்டுத் தொழுவத்துக்குத் திரும்பப் போய்விட்டார். ஒரு வார்த்தை சொல்லித் தடுத்திருக்கலாம் என்று சலோமாவுக்குப் பிறகு அவர்மேல் ஒரு கோபம் இருந்தது. அதுவும் தன் பாரத்தை அடுத்தவர் தலையில் வைப்பதுதான் என்று புரிந்து, அதற்காகவும் ஜெபித்தாள்.

பிப்ரவரி நடுவில் கடைசி வரிசை. வெர்னாவின் கை மஞ்சளாகி, விரல் குச்சியாகிவிட்டது. ஒரு தையல் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வாள். பேச்சும் நின்றுவிட்டது. கடைசி முடிச்சை அவளால் இழுக்க முடியவில்லை. பல்லால் நூலைக் கடித்து நிறுத்தினாள். "முடிஞ்சுது" என்றாள். ஆமோஸ் அவளைக் குழந்தையைப் போல வண்டிக்குத் தூக்கிப் போனான். அதன்பிறகு அவள் வரவில்லை.

அந்த வரிசையைப் பிரிக்கும்போது சலோமாவின் கை ஒரு நிமிஷம் நின்றது. மற்றதெல்லாம் ஒரு மாதிரி இருக்க, இது ஒன்று மட்டும் கோணலாக இருந்தால் இன்னும் அசிங்கமாகத் தெரியும் என்று நினைத்தாள். பிரித்தாள்.

ஓரம் மடித்துத் தைத்து, போர்வையை வெள்ளைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனாள். வெர்னா கட்டிலில் ஜன்னலைப் பார்த்துப் படுத்திருந்தாள். ஐவா கீழே சமையலறையில் இருந்தாள். சலோமா போர்வையை விரித்துத் தங்கையின் மார்புவரை மூடினாள்.

வெர்னாவுக்குப் பார்வை மங்கியிருந்தது. கையை எடுத்து மெல்லத் தடவினாள். இறகு வடிவத்தின்மேல் விரல் போயிற்று. நின்றது. இன்னொரு இடத்துக்குப் போயிற்று. ஓரத்துக்குப் போயிற்று. நாலு பக்கமும் தேடியது அந்த விரல். சலோமா தன் ஏப்ரனைக் கசக்கிக்கொண்டு நின்றாள்.

"சின்ன வயசுலேர்ந்து நான் உக்காந்த இடத்த நீ பிரிப்பேன்னு எனக்குத் தெரியும்" என்றாள் வெர்னா. குரலில் கோபம் இல்லை. கோபப்படவும் பலம் வேண்டுமே. "ஒரு மூலையாச்சும் விட்டிருக்கலாம்ல அக்கா."

வெர்னா தண்ணீர் கேட்டாள். சலோமா ஒரு கரண்டித் தண்ணீர் ஊட்டினாள். அதன்பின் ஐவா மேலே வந்துவிட்டாள். மூன்றாம் நாள் காலையில் வெர்னா போய்விட்டாள்.

தரை உறைந்து கிடந்தது. ஆண்கள் நெருப்பு மூட்டி மண்ணை இளக்கித்தான் குழி வெட்டினார்கள். வெர்னா கல்யாணத்தன்று உடுத்திய வெள்ளை ஏப்ரனையும் தோள் துணியையும் சலோமாவே அவளுக்கு உடுத்திவிட்டாள். இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் அதைத் தைத்துக் கொடுத்தவளும் அவள்தான்.

மார்ச் முதல் வாரம், ஒரு மத்தியானம், ஐவா பனியில் நடந்து வந்தாள். கையில் போர்வை.

"பெரியம்மா, இதுல அம்மா தையல் எது?"

சலோமா மாவுக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"எல்லாம் ஒரே மாதிரி இருக்கு. மூணு நாளாத் தேடறேன். அம்மா சொன்னாங்க, தடவிப் பாத்தா தெரியும்னு."

பொய் சொல்ல ஒரு வழி இருந்தது. கடைசி காலத்தில் உன் அம்மாவின் கை நன்றாகத் தேறிவிட்டது என்று சொன்னால் போதும், பெண் நம்பினாலும் நம்புவாள். அந்த வார்த்தை நாக்குவரை வந்ததைச் சலோமா உணர்ந்தாள். கர்த்தர் பார்க்கிறார் என்ற பயத்தைவிட, அந்தப் பெண்ணின் கண்ணைப் பார்க்கிற பயம் பெரிதாக இருந்தது.

"இல்ல கண்ணு. எதுவும் இல்ல. எல்லாத்தையும் நான் பிரிச்சுட்டேன்."

"எதுக்கு?"

"நாலு பேரு சிரிப்பாங்கன்னு."

"யாரு?"

சலோமா பேர் சொல்லவில்லை. சொல்ல ஒரு பேர் இருந்தது, ஆனால் அது ஓர்பாவின் பேர் இல்லை.

ஐவா அழவில்லை. போர்வையை ஜன்னலருகே தூக்கிப் பிடித்தாள். வெளியே பனிமேல் வெயில் அடித்து, அறை முழுவதும் சாய்வாக வெளிச்சம். அப்போதுதான் இருவருமே அதைப் பார்த்தார்கள். கருநீலத் துணியில், சலோமாவின் பொடித் தையலுக்கு அக்கம்பக்கமாக, பருத்த ஊசி போய் வந்த துளைகள். ஒவ்வொன்றிலும் உள்ளே இருக்கிற வெள்ளைப் பஞ்சு ஒரு புள்ளியாகத் தெரிந்தது. கோட்டைவிட்டுக் கீழே இறங்கி, நினைவு வந்தது போல மேலே ஏறி.

ஐவா விரலை வைத்து ஒவ்வொரு புள்ளியாகப் போனாள்.

"அந்தத் துளையிலயே பெரிய நூலா நான் திரும்பப் போட்டுத் தரேன்" என்றாள் சலோமா. "ஒண்ணு விடாம."

"அது உங்க தையலா இருக்கும்" என்றாள் ஐவா. பிறகு, பெரியவர்களிடம் பேச வேண்டிய மரியாதை குறையாமலே, "இனிமே இதுல கை வைக்காதீங்க பெரியம்மா" என்றாள்.

துவைத்தால் அந்தத் துளைகள் மூடிவிடும். நூலிழைகள் ஒன்றோடொன்று நெருங்கி, துளை இருந்த இடமே தெரியாது. தைக்கிற பெண்கள் எல்லாருக்கும் தெரிந்த விஷயம் அது. ஐவாவுக்கும் தெரியும். சலோமா அதைச் சொல்லவில்லை.

மறுநாள் போய் ஆமோஸிடமும் ஐவாவிடமும் மன்னிப்புக் கேட்டாள். நம்மில் மன்னிப்புக் கேட்டு வந்தவரை இல்லை என்று அனுப்புவது கிடையாது. ஆமோஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நல்லதுக்குத்தான செஞ்சீங்க" என்றான். ஐவாவும் "மன்னிச்சுட்டேன் பெரியம்மா" என்றாள். சொல்லிவிட்டு மெதுவாகக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வசந்தத்தில், அப்பமும் ரசமும் பகிர்கிற திருவிருந்துக்கு முன்பு, எல்லாரோடும் சமாதானமாக இருக்கிறாயா என்று சபை ஒவ்வொருவரையும் கேட்கும். சபை ஊழியரான உதவிக்காரர் பெண்கள் வரிசையில் குனிந்து கேட்டுக்கொண்டே வந்தார். சலோமாவின் முறை வந்தபோது, "இன்னும் இல்ல" என்றாள். அந்த வருஷம் அவள் பந்தியில் சேரவில்லை. திருவிருந்தன்று, கர்த்தர் சீஷருக்குச் செய்தது போல, இரண்டிரண்டு பேராக ஒருவர் காலை ஒருவர் கழுவும்போது, முப்பது வருஷமும் அவளுக்கு ஜோடி வெர்னாதான். இந்தத் தடவை சலோமா கடைசி பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் ஊற்றுகிற சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பனி உருகியதும் எல்லா வீட்டிலும் போர்வை துவைத்துக் கொடியில் போடுவார்கள். ஆமோஸ் வீட்டுக் கொடி சலோமாவின் ஜன்னலிலிருந்து தெரியும். பழுப்பு, பச்சை, கறுப்பு எல்லாம் ஆடின. கருநீலம் இல்லை. அடுத்த வருஷமும் இல்லை. அதற்கடுத்த வருஷமும் இல்லை. ஒவ்வொரு வருஷமும் அவள் பார்த்தாள்.

ஐவாவுக்கு இருபது வயதில் கல்யாணம். நவம்பர், முதல் பனி. மாடி அறைக் கட்டிலில் போர்வைகளை விரித்திருந்தார்கள். பெண்கள் ஏறிப் போனார்கள். சலோமாவும் ஏறினாள். கடைசியாக ஏறினாள்.

ஓர்பா கருநீலப் போர்வையின் முனையைத் தூக்கினாள். "தையல் அருமை. ஆனா பாருடி, பென்சில் கோடு அப்படியே இருக்கு. ஓரத்துல அழுக்கு வேற. துவைக்காமயே விரிச்சிருக்காளே. தாய் இல்லாத பொண்ணு, யாரு சொல்லிக் குடுப்பாங்க, பாவம்."

இரண்டு பேர் சிரித்தார்கள். எந்தச் சிரிப்புக்குப் பயந்து சலோமா அத்தனையும் பிரித்தாளோ, அதே சிரிப்பு. அது வேறொரு வாசல் வழியாக வந்து சேர்ந்துவிட்டது. கதவோரம் புது நீல உடுப்பில் ஐவா நின்றிருந்தாள். பெரியம்மாவைக் காட்டிக்கொடுக்கவில்லை.

"அதத் துவைக்கக் கூடாது ஓர்பா" என்றாள் சலோமா. அத்தனை பேர் முன்னால் அவள் குரல் எழும்பி யாரும் கேட்டதில்லை. எல்லாரும் திரும்பினார்கள். "வெர்னா சாகறதுக்கு முன்னாடி தன் கையால தைச்சது. கைய வைக்காதன்னு என்கிட்டச் சொன்னா. நான் கேக்கல. எல்லாத்தையும் பிரிச்சு, என் தையலப் போட்டேன். என் பேரு கெட்டுடும்னு. அவ பேருன்னு நினைச்சேன், இல்ல, என் பேருதான். அவ குத்தின துளை மட்டும் இருக்கு. துவைச்சா அதுவும் போயிடும்."

ஓர்பா பிடித்திருந்த முனையை மெதுவாகக் கீழே விட்டாள். பிறகு என்ன நினைத்தாளோ, கண்ணாடியை மூக்கில் சரிசெய்துகொண்டு, குனிந்து பார்த்தாள். விரலை வைத்தாள்.

"ஆமா" என்றாள் சன்னமாக. "எவ்வளவு தள்ளித் தள்ளிப் போட்டிருக்கா, கழுத." அப்படியே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அழத் தொடங்கினாள்.

ஐவா உள்ளே வந்தாள். பெரியம்மாவைத் தொடவில்லை. பக்கத்தில் வந்து நின்றாள், தோளுக்குத் தோள் படுகிற மாதிரி, அவ்வளவுதான். கீழே விருந்துக்குப் பந்தி போடுகிற சத்தம் கேட்டது. "போலாம் பெரியம்மா" என்றாள் ஐவா.

அடுத்த வசந்தத்தில்தான் சலோமா மறுபடி திருவிருந்தில் சேர்ந்தாள். காலைக் கழுவ ஓர்பா ஜோடியாக வந்தாள். ஐவா புருஷனோடு தெற்கே ஒரு நாள் பயணத் தூரத்தில் இருக்கிறாள். கடிதம் போடுவாள்: குதிரை, கோழி, முதல் குழந்தை. போர்வையைப் பற்றி ஒருமுறைதான் எழுதினாள். குழந்தை பிறந்த அன்று போர்வைமேல் தண்ணீர் கொட்டிவிட்டதாம், அலச வேண்டியதாகிவிட்டதாம். காய்ந்தபிறகு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாளாம்.

அதற்குமேல் அந்தக் கடிதத்தில் ஒன்றும் இல்லை. சலோமா அதை மடித்து வேதப்புத்தகத்துக்குள் வைத்தாள். ஜன்னலுக்கு வெளியே பனி விழுந்துகொண்டிருந்தது. சட்டத்தில் யாரோ ஒரு பெண்ணின் கல்யாணப் போர்வை. முந்தின நாள் சிறு பெண்கள் தைத்துவிட்டுப் போன மூலை கோணல்மாணலாக இருந்தது. அவள் அந்த மூலையில் உட்கார்ந்து, கையை மடியில் வைத்துக்கொண்டு, அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கத்தரிக்கோலை எடுக்கவில்லை.